அயல்நாட்டு மாணவர்களும் மாலை ஐந்தரை மணி மைதானமும்

சேலத்தில் ஏற்காடு அடிவாரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் நான் உடற்கல்வி இயக்குநராகப் பணிபுரிகிறேன். 2017-ஆம் ஆண்டில் ருவாண்டா, தான்சானியா, நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளிலிருந்து எங்கள் கல்லூரிக்கு முதன்முதலாக மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய விசா, காவல்துறைப் பதிவு, விடுதி அறை ஆகியவற்றைக் கவனிக்க ஓர் அலுவலகம் இருந்தது. பாடத்தில் பின்தங்கினால் கைகொடுக்க ஆசிரியர்கள் இருந்தார்கள். மாலையில் வகுப்பு முடிந்ததிலிருந்து இரவுச் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. வீட்டை விட்டு வந்து தங்கிப் படிக்கிறவர்களுக்குக் கனமான பொழுது அதுதான். ஆத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்குப் போய் விடுதியில் தங்கிப் படித்தவள் நான்; விளக்கு வைக்கும் நேரத்தில் வயிற்றைப் பிசைகிற அந்த உணர்வை நன்றாக அறிவேன். எனக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு பகல் நேரப் பேருந்துப் பயணம்தான் இருந்தது. இவர்களில் பலருக்கு இடையில் ஒரு பெருங்கடல் கிடக்கிறது.

அந்த முதல் ஆண்டில் நான் செய்த முதல் காரியமே தவறாகப் போயிற்று. புதிய மாணவர்களின் உடல் திறனை அளந்து பார்க்க வேண்டும் என்ற ஆர்வத்தில், அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வகுத்த பன்னிரண்டு நிமிட ஓட்டச் சோதனையை, அவர்கள் வந்து நான்கே நாள் ஆன நிலையில், ஓர் ஆகஸ்டு மாத மாலை நான்கு மணி வெயிலில் வைத்தேன். கடல்மட்டத்திலிருந்து 2,300 மீட்டருக்கும் மேலே இருக்கும் பூட்டான் தலைநகர் திம்புவில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவன், 280 மீட்டர் உயரம்கூட இல்லாத சேலத்துப் புழுக்கத்தில் எட்டாவது நிமிடத்தில் தள்ளாடி விழுந்தான். நிழலுக்குத் தூக்கிச் சென்று, கால்களை உயர்த்தி வைத்து, ஈரத் துணியால் உடம்பைத் துடைத்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரை மெல்ல மெல்லக் கொடுத்தோம். அவன் தெளிந்துவிட்டான். ஆனாலும் அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஓர் உடம்பு புதிய வெப்பத்துக்குப் பழக ஒன்றிலிருந்து இரண்டு வாரம் ஆகும் என்பதை நான் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். படித்ததை எதிரில் நின்ற பிள்ளைகளுக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

அன்று முதல், வந்த முதல் இரண்டு வாரம் யாருக்கும் ஓட்டம் கிடையாது. முதல் மூன்று நாள் இருபது நிமிட நடை, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுவது, மார்ச் பிறந்துவிட்டால் காலை ஏழரைக்கு மேலும் மாலை ஐந்தரைக்கு முன்னும் மைதானத்தை மூடிவிடுவது என்று ஏற்பாடு செய்துகொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தட்டையாக எடுத்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற கணக்கை மைதானத்துச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறோம். இன்னொன்றும் உண்டு. ஆஸ்துமா, இதய நோய், இரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் வடிவில் வளைக்கக்கூடிய மரபணுவைச் சுமக்கும் நிலையான அரிவாள் செல் மரபு ஆகியவை இருக்கிறதா என்பதைச் சேர்க்கையின்போதே தனியாக அழைத்து, மற்றவர் காதில் விழாதபடி கேட்டுக்கொள்ள வேண்டும். அரிவாள் செல் மரபு உள்ளவர்களுக்குக் கடும் வெயிலில் அளவுக்கு மீறிய உழைப்பு ஆபத்தாகக்கூடும். எல்லோர் முன்னிலையிலும் கேட்டால் எந்தப் பிள்ளையும் உண்மையைச் சொல்லாது.

அதே ஆண்டில் கல்லூரி பெரும் செலவில் அயல்நாட்டு மாணவர் விழா ஒன்றை நடத்தியது. கொடிகள் பிடித்தார்கள், அவரவர் ஊர் ஆட்டம் ஆடினார்கள், எல்லோரும் அவர்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மாலை மைதானத்தில் அவர்கள் ஒரு மூலையிலும் நம் பிள்ளைகள் ஒரு மூலையிலும் இருந்தார்கள். விழா நடத்துவது குற்றமில்லை. ஆனால் மேடையில் நிற்பவர் விருந்தாளியாகவே நிற்கிறார். விருந்தாளியாக நான்கு ஆண்டுகள் வாழ யாராலும் முடியாது. ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் விழாவைவிட, ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே மணிக்கு, அதே ஆட்களோடு கூடுகிற ஒரு மணி நேரம்தான் ஒருவரை ஊரோடு சேர்க்கிறது என்ற முடிவுக்கு நான் வரக் காரணமாக இருந்தவள் ஒரு மாணவி.

அவள் 2018-இல் ருவாண்டாவின் தலைநகரான கிகாலியிலிருந்து வந்தாள். அந்த நகரத்தில் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கியச் சாலைகளை வாகனங்களுக்கு அடைத்துவிட்டு, மக்கள் நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் திறந்துவிடுகிறார்கள். 2016 முதல் அது அங்கே வழக்கமாக இருக்கிறது. தன் தாயோடு அந்தச் சாலைகளில் ஓடிப் பழகியவள், இங்கே வந்த மூன்றாம் வாரமே காலையில் கல்லூரி வாயிலைத் தாண்டி ஏற்காடு சாலையில் ஓடத் தொடங்கினாள். சில மாதங்களில் புகார்கள் வந்தன. அரைக்கால் சட்டையோடு ஓடுகிறாள் என்றார்கள். இரண்டு பேர் வண்டியில் பின்தொடர்ந்து கைபேசியில் படம் பிடித்தார்கள். நிர்வாகம் அவளை வெளியே ஓட வேண்டாம் என்று சொல்லச் சொன்னது. பின்தொடர்ந்தவர்களைக் கண்டிக்க வழி தேடாமல், அந்தத் தடையை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவள் நான்தான். அவள் எதிர்த்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. சரி மேடம் என்று தலையசைத்தாள்.

பிப்ரவரி மாதத்தில் விடுதிக் காப்பாளர் என்னிடம் வந்து, அந்தப் பெண் இரவுச் சாப்பாட்டுக்கு இறங்கி வருவதில்லை, வகுப்புக்கும் ஒழுங்காகப் போவதில்லை என்றார். அழைத்துப் பேசினேன். நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தவள், கடைசியில் சொன்ன ஒரு செய்தி என்னை உலுக்கியது. ஞாயிறுதோறும் அவளுடைய தாய் தொலைபேசியில் அழைத்து இன்று எவ்வளவு தூரம் ஓடினாய் என்று கேட்பாராம். நான்கு மாதமாக அவள் ஏதோ ஒரு தூரத்தைச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான், அயல்நாட்டில் தங்குபவர்களின் மனநிலையைப் பற்றி எழுதப்பட்டவற்றை நான் தேடிப் படித்தேன். நார்வே நாட்டு ஆய்வாளர் லைஸ்கோர், அமெரிக்காவில் தங்கித் திரும்பிய தம் நாட்டவரை ஆராய்ந்து 1955-இல் எழுதிய கட்டுரையில், வந்த புதிதில் இருந்த மகிழ்ச்சி பின்னர் சரிந்து, நாள்பட மீண்டும் எழுகிறது என்றும், ஆறு மாதத்திலிருந்து பதினெட்டு மாதம் வரை தங்கியவர்களே அதிகம் தடுமாறினார்கள் என்றும் குறிப்பிட்டார். எல்லோருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. பிற்காலத்தில் பலர் இதை மறுத்தும் இருக்கிறார்கள். ஆனாலும் என் அனுபவத்தில் வந்த மாதத்தைவிட இரண்டாம் பருவத்தில்தான் பிள்ளைகள் வாடிப்போகிறார்கள். வரவேற்பு, வழிகாட்டல், சிறப்புக் கவனம் எல்லாவற்றையும் நாம் முதல் மாதத்திலேயே கொட்டித் தீர்த்துவிடுகிறோம். ஆகவே நான் வருகைப் பதிவேட்டை ஜனவரியிலிருந்து கூர்ந்து பார்க்கத் தொடங்கினேன். தொடர்ந்து ஒரு வாரம் மைதானத்துக்கு வராத மாணவரை அன்று மாலையே அறைக்குப் போய்ப் பார்க்கிறோம். பாதிப் பேருக்குத் தேர்வு, சளி, செருப்பு அறுந்தது போன்ற சாதாரணக் காரணமாக இருக்கும். மீதிப் பேரில்தான் கவனிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். உடற்பயிற்சி மனத்துக்கு நல்லது. ஆனால் மருத்துவருக்கு அது மாற்றாகிவிடாது. இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவரை ஓடச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. 14416 என்ற அரசின் மனநல உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. விடுதியின் ஒவ்வொரு தளத்திலும் அதை ஒட்டி வைத்திருக்கிறோம்.

அந்தப் பெண்ணுக்கு மீண்டும் ஓட ஓர் இடம் தேவைப்பட்டது. கன்னங்குறிச்சி மூக்கனேரிக் கரையில் விடியற்காலையில் நடக்கும் பெண்களை எனக்குப் பழக்கம் உண்டு. பள்ளி ஆசிரியை, தறி வீட்டுப் பெண்மணி, ஓய்வுபெற்ற செவிலியர் என்று ஏழெட்டுப் பேர். அவளையும் நம் மாணவிகள் மூவரையும் கூட்டிக்கொண்டு போய் அவர்களிடம் அறிமுகப்படுத்தினேன். “எந்த ஊரு கண்ணு? சாப்பிட்டியா? இவ்வளவு வெள்ளன எந்திரிச்சு வர்றியே, வீட்டுல யாராரு இருக்காங்க?” என்று அவர்கள் அடுக்கிய கேள்விகளில் அவள் முதலில் மிரண்டுபோனாள். நம் ஊரில் எங்கே போகிறாய், சாப்பிட்டாயா என்பவை விசாரணை இல்லை, வணக்கம் சொல்லும் முறை என்று விளக்கினேன். சற்று யோசித்தவள், தங்கள் மொழியில் பார்த்தவுடன் ‘அமாகுரு’ என்பார்கள், என்ன செய்தி என்று பொருள், அதற்கு யாரும் செய்தி வாசிப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த சிரிப்பு அது. முழங்காலுக்குக் கீழே இறங்கும் கால்சட்டையை அணிவதா வேண்டாமா என்ற முடிவை அவளிடமே விட்டேன். ஏரிக்கரையில் எப்படி உடுத்துகிறார்கள் என்று பார்த்துவிட்டு அவளே அதைத் தேர்ந்துகொண்டாள். பத்து நாளில் அந்தப் பெண்கள் அவளுக்காகக் காத்திருக்கத் தொடங்கினார்கள். வண்டியில் வந்த ஓர் இளைஞன் கைபேசியைத் தூக்கியபோது, செவிலியராக இருந்த அந்த அம்மாவே முன்னால் போய், “என்ன தம்பி, உங்க அக்கா தங்கச்சி நடந்தா இப்படித்தான் படம் புடிப்பியா?” என்று கேட்டாராம். ஒரு மாணவியைத் தனியாக ஓடவிட்டு அவளுக்கு அறிவுரை சொல்வதைவிட, அவளை அறிந்த நாலு பேர் நடக்கும் வழியில் ஓடவிடுவது பாதுகாப்பு. அதைச் செய்ய எனக்கு ஓர் ஆண்டு பிடித்தது.

மைதானத்துக்குள் நடந்த மாற்றத்துக்குக் காரணம் வாலிபால். ஆப்பிரிக்க மாணவர்கள் தங்களுக்குள் ஒரு கால்பந்து அணியை வைத்துக்கொண்டார்கள். நம் பையன்கள் மறுபாதியில் கிரிக்கெட் ஆடினார்கள். இரண்டும் ஒரே மைதானம் என்பது பெயருக்குத்தான். நேபாளத்தில் 2017-இல் வாலிபாலைத் தேசிய விளையாட்டாக அறிவித்தார்கள். நம் சேலம் மாவட்டத்துக் கிராமங்களிலோ பொங்கல் வந்துவிட்டால் இரவு விளக்கு போட்டு வாலிபால் போட்டி நடக்கும். இரு தரப்புக்கும் கை பழகிய ஆட்டம் இதுதான் என்று தெரிந்தபின், வலையைக் கட்டி, சீட்டுக் குலுக்கிப் போட்டு அணி பிரித்தேன். வாலிபாலில் பேசாமல் ஆட முடியாது. ‘எனக்கு’, ‘தூக்கு’, ‘விடு’, ‘பின்னால பாரு’ என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நேபாள மாணவன் முதலில் கற்ற தமிழ்ச் சொல் ‘விடு’. கோட்டுக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுவதற்கு. ஒரு மாதத்தில் அவன் விடுதியில் பக்கத்து அறைப் பையனைப் பார்த்து “விடு மச்சான், பாத்துக்கலாம்” என்று தேற்றுகிற அளவுக்கு வந்துவிட்டான்.

ஆனால் எல்லா நாளும் கலந்தே ஆட வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்துவதில்லை. கனடா நாட்டு உளவியலாளர் ஜான் பெரி, புதிய சமூகத்துக்குள் நுழைகிறவர்கள் தம் பண்பாட்டை விட்டுவிடுவது, அதற்குள்ளேயே ஒதுங்கிக்கொள்வது, இரண்டையும் இழப்பது, இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது என்று நான்கு வழிகளைக் காட்டி, கடைசி வழியே பொதுவாக நன்மை தருவது என்றார். சனிக்கிழமை மாலை முழுவதும் அவர்கள் தங்களுக்குள், தங்கள் மொழியில் சத்தமிட்டுக் கால்பந்து ஆடட்டும் என்று விட்டுவிடுகிறேன். வாரம் முழுவதும் அயல்மொழியில் யோசித்துப் பேசிய நாவுக்கும் ஓய்வு வேண்டும் அல்லவா? ரமலான் மாதத்தில் ஆட்டத்தை நோன்பு துறந்த பிறகு இரவுக்கு மாற்றிக்கொள்வோம்; அருகிலுள்ள பள்ளிவாசலிலிருந்து வரும் நோன்புக் கஞ்சியை எல்லா மதத்துப் பிள்ளைகளும் குடிப்பார்கள்.

எங்கள் சக ஆசிரியர்கள் சிலர், ஆப்பிரிக்கப் பையன் என்றால் நன்றாக ஓடுவான், கபடிக்கு எடுங்கள் என்பார்கள். பாராட்டாகச் சொன்னாலும் அது தவறு. தான்சானியாவின் தார்-எஸ்-ஸலாம் நகரிலிருந்து வந்த ஒரு மாணவனுக்கு எந்த விளையாட்டிலும் விருப்பமில்லை. மூன்று மாதம் எங்கள் வற்புறுத்தலுக்குப் பயந்து மைதானத்தின் பக்கமே வராமல் இருந்தான். நடந்தால் போதும் என்று நான் சொன்ன பிறகே வந்தான். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் அது நீக்கிவிட்டது. விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் நடப்பது, மாடிப்படி ஏறுவது எல்லாம் சேரும். நேரமில்லை என்று குற்ற உணர்வில் இருக்கும் மாணவர்களுக்கு இதைச் சொன்னாலே பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிறு ஒத்துழைக்காமல் எந்த உடம்பும் ஆடாது. விடுதியின் புளியும் காரமும் ஒத்துக்கொள்ளாமல் ரொட்டியும் பிஸ்கட்டும் தின்று மைதானத்தில் சோர்ந்து விழுந்த மாணவர்களைப் பார்த்து, எங்கள் சமையல்கார அண்ணன் ஒரு நாள் தம் வீட்டிலிருந்து கேழ்வரகுக் களி கொண்டுவந்தார். தான்சானிய மாணவர்கள் அதைக் கண்டதும் கையில் உருட்டிக் குழி செய்து குழம்பில் தோய்த்துச் சாப்பிட்ட விதத்தைப் பார்த்தால், அவர்கள் ஓமலூரில் பிறந்தவர்களோ என்று தோன்றும். அவர்கள் ஊரில் மக்காச்சோள மாவில் கிளறும் ‘உகாலி’யும் நம் களியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ருவாண்டாவில் அதையே மரவள்ளி மாவில் செய்கிறார்கள். மரவள்ளிக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போன சேலத்தில் அந்த மாணவர்கள் பட்டினி கிடந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் களி உண்டு. நம் பிள்ளைகளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

2019 ஆகஸ்டில் முதன்முறையாக அவர்களை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் நான்கு பேருக்கு வாந்தி வந்தது. காலையில் வயிறு நிறையச் சாப்பிடவிட்டது என் பிழை. இப்போது இரண்டு இட்லியோடு கிளம்பி, தலை சுற்றுகிறவர்களை முன் இருக்கைகளில் உட்கார வைக்கிறோம். ஏரிக்கரையில் இறங்கி, காபித் தோட்டங்களுக்கு நடுவே சேர்வராயன் கோயில் வரை நடந்து போனோம். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,515 மீட்டர். கிகாலியும் ஏறத்தாழ அதே உயரத்தில்தான் இருக்கிறது. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் அந்தப் பெண் நின்றுவிட்டாள். சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியை அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் காபிச் செடியைத் தொட்டுப் பார்த்து, காய் எந்த மாதம் பழுக்கும், பழத்தை யார் பறிப்பார்கள் என்று அங்கிருந்த தொழிலாளிப் பெண்களிடம் என்னைக் கேட்கச் சொன்னாள். அவளுடைய பாட்டிக்கும் காபித் தோட்டம் இருந்ததாம். ஏற்றத்தில் வேகமாகப் போன நம் பையன்களைப் பார்த்துத் தான்சானிய மாணவர்கள் ‘போலே போலே’ என்றார்கள். சுவாகிலி மொழியில் மெல்ல மெல்ல என்று பொருள். விறகுச் சுமையோடு எங்களை எளிதாகத் தாண்டிப்போன ஒரு மலைவாழ் மூதாட்டி திரும்பிப் பார்த்து, “மெதுவா வாங்க சாமி” என்றார். இரண்டும் ஒன்றே என்று நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த நடைக்குச் சாலையையும் ஊர்வழியையும் விட்டு நாங்கள் விலகுவதில்லை. காட்டெருமை நடமாட்டம் உள்ள மலை அது, காட்டுப் பாதைக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நம் பிள்ளைகள் வீடு போய்ச் சேர்ந்தார்கள். விமானங்கள் நின்றுவிட்டதால் பத்தொன்பது பேர் வெறிச்சோடிய விடுதியிலேயே தங்கினார்கள். நான் வளாகக் குடியிருப்பில் இருந்தேன். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் இடைவெளி விட்டு நிற்க வைத்து முக்கால் மணி நேரம் பயிற்சி தொடங்கினேன். மூன்றாம் வாரத்தில் எனக்குக் காய்ச்சல் வந்து அறையை விட்டு வெளியே வர முடியாமல் போனபோது, அந்தப் பெண்ணே நின்று நடத்தினாள். ஜன்னல் வழியாக அவள் எண்ணும் குரல் கேட்டது. ஒன்று முதல் எட்டு வரை தமிழில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

இங்கே புதிதாக வந்து ஓட விரும்பும் மாணவர்களுக்கு நான் முதல் நாளே சொல்பவற்றில் தெருநாய்க்குத்தான் முதலிடம். நாய் துரத்தினால் ஓடக் கூடாது. நின்று, கண்ணுக்குக் கண் பார்க்காமல், மெல்ல நடந்து விலக வேண்டும். கடித்துவிட்டாலோ பல் பட்டுவிட்டாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசி போட வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். சாலையில் ஓடினால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கமாக ஓட வேண்டும். முறைத்துப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் வேடிக்கை பார்ப்பவர்கள். ஒரு வணக்கம் சொன்னால் முகம் மாறிவிடும். நிறத்தைச் சொல்லிக் கூவுகிறவர்களையும் முடியைத் தொட வருகிறவர்களையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நான் ஒருபோதும் அறிவுரை கூறுவதில்லை. அதை எங்களிடம் வந்து சொல்ல வேண்டும்; பேச வேண்டியவர்களிடம் பேசுவது எங்கள் பொறுப்பு.

அந்தப் பெண் 2022-இல் பட்டம் பெற்று ஊர் திரும்பினாள். மூக்கனேரிக்குப் போகும் காலைக் குழுவை இப்போது கொல்லிமலையிலிருந்து வந்த ஒரு மாணவி நடத்துகிறாள். வந்த புதிதில் அவளும் விளக்கு வைக்கும் நேரத்தில் அழுதுகொண்டிருந்தவள்தான். பெண்கள் விடுதி வாயில் மாலை ஆறு மணிக்கே மூடப்பட்டுவந்ததால் மாணவிகளுக்கு மைதானத்தில் அரை மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காமல் இருந்தது. நான்கு முறை மனு கொடுத்தபின் சென்ற ஆண்டு நான்கு விளக்குக் கம்பங்கள் நட்டு, நேரத்தை ஏழு மணியாக்கினார்கள். மாணவர்களுக்கு எட்டு மணி வரை அனுமதி உண்டு. அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்டு ஐந்தாவது மனுவை இந்த மாதம் கொடுத்திருக்கிறேன். அதில் பதினோரு அயல்நாட்டு மாணவிகளும் நாற்பத்திரண்டு தமிழ் மாணவிகளும் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.